ஒரோமோ, சோமாலி மக்களிடையே பகை எப்படி மூண்டது?

எத்தியோப்பியாவின் கிழக்கிலும் தெற்கிலும் அருகருகே வாழும் ஒரோமோ மக்களும் சோமாலி மக்களும் ஒரே குஷிட்டிக் மொழிக் குடும்பத்தைச் சேர்ந்த மொழிகளைப் பேசுகிறவர்கள். கிழக்கு எல்லையில் இரு தரப்பிலும் பெரும்பாலோர் இசுலாமியர். ஆடு, மாடு, ஒட்டகம் மேய்த்துப் பிழைப்பவர்கள். பல தலைமுறைகளாகப் பெண் கொடுத்துப் பெண் எடுத்தவர்கள். அப்படியிருந்தும் 2017-இல் தொடங்கி ஓராண்டுக்குள் ஏறத்தாழப் பத்து லட்சம் பேர் வீடிழக்கும் அளவுக்கு இவர்களுக்குள் மோதல் மூண்டது ஏன், இது புல்லுக்கும் தண்ணீருக்குமான பழைய இனச் சண்டைதானா என்பது இங்கே எழுப்பப்பட்ட கேள்வி.

புல்லுக்கும் தண்ணீருக்கும் சண்டை இருந்தது உண்மை. ஆனால் அதை இனப் போராக மாற்றியது அரசு என்பதே என் உறுதியான கருத்து. 1991-க்குப் பிறகு நிலம், வரவுசெலவுப் பணம், அரசு வேலை, காவல்துறை ஆகிய அனைத்தையும் இனத்தின் பெயரால் பிரித்துக் கொடுத்த எத்தியோப்பிய ஆட்சி, எந்த நிலம் எந்த இனத்துக்கு உரியது என்பதை மட்டும் முடிவு செய்யாமல் கால் நூற்றாண்டு இழுத்தடித்தது. அந்த இழுத்தடிப்பால் ஆதாயம் பெற்றவர்கள் ஒரியாமியா, சோமாலி ஆகிய இரு மாநில ஆட்சிகளிலும் அடிஸ் அபாபாவின் கூட்டாட்சி அரசிலும் இருந்தார்கள். மற்றவற்றை எல்லாம் இதிலிருந்துதான் விளங்கிக்கொள்ள வேண்டும்.

எல்லைக்கோடு இல்லாத காலத்தில் இம்மக்கள் வளங்களை எப்படிப் பகிர்ந்துகொண்டார்கள் என்பதை முதலில் பார்க்கலாம். தெற்கே போரானா ஒரோமோ நாட்டில் 'துலா சல்கன்' என்று அழைக்கப்படும் ஒன்பது ஆழ்கிணற்றுத் தொகுதிகள் உண்டு. கிணற்றுக்குள் ஒருவருக்கு மேல் ஒருவராக ஆட்கள் நின்று, பாடிக்கொண்டே வாளிகளைக் கைமாற்றி நீரை மேலே ஏற்றுவார்கள். ஒவ்வொரு கிணற்றுக்கும் 'அப்பா கோன்ஃபி' என்ற உரிமையாளரும், எந்த மந்தை எந்த நாளில் நீர் குடிக்கலாம் என்று முறை வகுக்கும் 'அப்பா ஹெரேகா' என்பவரும் உண்டு. (ஒரோமோ மொழியிலும் 'அப்பா' என்பதற்குத் தந்தை என்பதே பொருள், ஒன்றுக்கு உரியவரையும் அச்சொல் குறிக்கும்.) வறட்சிக் காலத்தில் வேறு குலத்தவரும் சோமாலி மேய்ப்பரும் இந்த முறைக்குள் கேட்டு இடம்பெற முடிந்தது. மந்தைக் கொள்ளையும் கொலையும் நடக்காமல் இல்லை. நடந்தபோது ஒரோமோ பெரியவர்கள் 'குமா' என்ற பெயரிலும், சோமாலிப் பெரியவர்கள் 'தியா' என்ற பெயரிலும் இரத்தப்பழிக்கு ஈடு பேசி முடித்தார்கள். நிலத்தின் மீதான உரிமை என்பது அங்கே வரிசையில் பெறும் இடம். அது பருவத்துக்குப் பருவம் பேசித் தீர்க்கப்பட்டது. வரைபடத்தில் இழுத்த கோடு அத்தகைய பேச்சுக்கு இடம் தருவதில்லை.

யார் ஒரோமோ, யார் சோமாலி என்பதும் அக்காலத்தில் இறுகிய பிரிவாக இருக்கவில்லை. கர்ரி குலத்தவர் தம்மைச் சோமாலி வம்சாவளியினர் என்பார்கள். ஆனால் அவர்களில் பலருக்கு வீட்டுமொழி ஒரோமோதான். காப்ரா மக்கள் சோமாலியரைப் போல ஒட்டகம் வளர்ப்பவர்கள், போரானா வழக்கு ஒரோமோவைப் பேசுபவர்கள். கிழக்கு எத்தியோப்பிய நகரமான ஹராருக்குக் கிழக்கே வாழும் ஜார்சோ மக்களில் இரு மொழியும் அறிந்தவர்கள் மிகுதி. அக்குலத்தில் ஒரு பகுதியினர் ஒரோமோவாகவும் இன்னொரு பகுதியினர் சோமாலியாகவும் தம்மைக் கருதி வந்தார்கள். அகிஷோ, குர்குரா குலத்தவரின் நிலையும் இதை ஒத்ததே. இப்படிப்பட்டவர்கள் இரு மக்களையும் இணைக்கும் தொடர்பாக இருந்தார்கள். பின்னால் 'நீ எந்த இனம், ஒன்றைத் தேர்ந்தெடு' என்று அரசு கேட்டபோது முதலில் பிளவுபட்டதும் இவர்களுடைய ஊர்கள்தான்.

இரு மக்களையும் எத்தியோப்பியப் பேரரசு ஏறத்தாழ ஒரே காலத்தில் விழுங்கியது. பின்னாளில் பேரரசராக முடிசூடிய இரண்டாம் மெனெலிக் 1887-இல் ஹராரைக் கைப்பற்றிய பின் கிழக்குப் பகுதி முழுவதும் படிப்படியாக அவர் ஆட்சிக்குள் வந்தது. வடக்கிலிருந்து வந்த படைவீரர்களுக்கும் அதிகாரிகளுக்கும் நிலமும் குடிமக்களின் உழைப்பும் பங்கிடப்பட்டன. அந்த வகையில் ஒரோமோவும் சோமாலியும் ஒரே ஆட்சியால் நசுக்கப்பட்டவர்கள். 1963-இல் பாலே பகுதியில் வாக்கோ குட்டு தலைமையில் வெடித்த கிளர்ச்சியில் ஒரோமோக்களும் சோமாலியரும் சேர்ந்தே பேரரசர் ஹைலே செலாசியின் படையை எதிர்த்தார்கள். சோமாலியாவின் தலைநகர் மொகதிஷுவிலிருந்து அதற்கு ஆதரவும் கிடைத்தது.

ஆனால் அந்த ஆதரவுக்குள்ளேயே பின்னாளைய பிணக்கின் வித்தும் இருந்தது. 1960-இல் விடுதலை பெற்ற சோமாலியா, தன் கொடியில் உள்ள ஐந்து முனை விண்மீனால் சோமாலியர் வாழும் ஐந்து நிலப்பகுதிகளைக் குறித்தது. அவற்றுள் ஒன்று எத்தியோப்பிய ஆட்சியில் இருந்த ஓகாடேன். 1970-களில் சோமாலியாவை ஆண்ட சியாத் பாரே அரசின் ஆதரவுடன் மேற்குச் சோமாலி விடுதலை முன்னணி இயங்கியதோடு, 'சோமாலி அபோ விடுதலை முன்னணி' என்ற இன்னொரு அமைப்பும் உருவானது. பாலே, சிதாமோ, ஹரார்கே பகுதிகளில் ஒரோமோ பேசும் மக்களையும் 'சோமாலி அபோ' என்று பெயரிட்டு, அவர்கள் வாழும் நிலத்தையும் பெரும் சோமாலியாவுக்குள் அடக்குவதே அந்தப் பெயரின் நோக்கம். தமக்கென ஒரு நாட்டைக் கனவு கண்ட ஒரோமோ விடுதலை முன்னணியினரால் இதை எப்படி ஏற்க முடியும்? 1977 ஜூலையில் தொடங்கி 1978 மார்ச்சில் சோவியத், கியூப உதவியுடன் எத்தியோப்பியா வென்ற ஓகாடேன் போர் ஏராளமானோரை அகதிகளாக்கியது. அண்டை வீட்டார் நம் நிலத்தை விழுங்கப் பார்க்கிறார் என்ற ஐயத்தை அது ஒரோமோ தேசியவாதிகளிடம் விதைத்தது. பின்னாளில் ஒரோமியாவின் வரைபடத்தைப் பார்த்த சோமாலியருக்கும் அதே ஐயம் எழுந்தது.

இவ்வளவு இருந்தும் 1991 வரை இது மாநில எல்லைத் தகராறு ஆகவில்லை, ஏனெனில் இன மாநிலங்கள் அப்போது இல்லை. பேரரசருக்குப் பின் வந்த இராணுவ ஆட்சியை வீழ்த்திய எத்தியோப்பிய மக்கள் புரட்சிகர ஜனநாயக முன்னணி 1992-இல் நாட்டை இன அடிப்படையில் 14 ஆட்சிப் பகுதிகளாகப் பிரித்தது. பின்னர் அவை ஒன்பது மாநிலங்களாயின. 1995-இல் நடைமுறைக்கு வந்த அரசமைப்புச் சட்டத்தின் 39-ஆம் பிரிவு ஒவ்வொரு இனத்துக்கும் பிரிந்துபோகும் உரிமை உட்பட சுயநிர்ணய உரிமையை அளிக்கிறது. குடியிருப்பு, மொழி, அடையாளம், மக்களின் ஒப்புதல் ஆகியவற்றைக் கொண்டு மாநிலங்கள் வகுக்கப்படும் என்கிறது 46-ஆம் பிரிவு. எல்லைத் தகராறை இரு மாநிலங்களும் பேசித் தீர்க்க வேண்டும், இயலாவிட்டால் கூட்டாட்சி அவை இரண்டு ஆண்டுகளுக்குள் முடிவு கூற வேண்டும் என்கிறது 48-ஆம் பிரிவு.

நீண்ட காலம் ஒடுக்கப்பட்ட மக்களுக்குத் தம் மொழியில் பள்ளியும் நீதிமன்றமும் கிடைத்தது பெரும் பேறு. அதை நான் குறைத்து மதிப்பிடவில்லை. தவறு நேர்ந்த இடம் வேறு. ஆண்டில் சில மாதங்கள் ஓரிடத்திலும் சில மாதங்கள் வேறிடத்திலும் வாழும் மேய்ப்பரின் 'குடியிருப்பு' எது? இரு மொழி பேசும் ஜார்சோவின் 'அடையாளம்' எது? இவற்றுக்குச் சட்டத்தில் விடை இல்லை. விடை இல்லாத இந்தக் கேள்வியின் மேல்தான் பெரும் பயன்கள் வைக்கப்பட்டன. எத்தியோப்பியாவில் ஊர் அளவிலான மிகச் சிறிய நிர்வாக அலகுக்குக் 'கெபெலே' என்று பெயர். பல கெபெலேக்கள் சேர்ந்தது 'வொரேடா' என்னும் வட்டாரம். ஒரு கெபெலே எந்த மாநிலத்துக்குச் சேர்கிறதோ அந்த மாநிலத்தின் மொழியில்தான் அங்கே பள்ளி நடக்கும். அந்த இனத்தவரே அலுவலர், ஆசிரியர், காவலர் ஆவார். வறட்சி நிவாரணத் தானியம் அவர்கள் கைவழியே வரும். சந்தை வரியும் அவர்களுக்கே போகும். முன்பு கிணற்றை இழந்த குலம் அடுத்த பருவத்தில் திரும்பப் பேசிப் பெறலாம். கெபெலேயை இழந்த குலம் எல்லாவற்றையும் ஒரே நாளில் இழந்தது.

ஆகவே கிழக்கே மியேசோவிலிருந்து பாபிலே, குர்சும், சினாக்சென் வழியாகத் தெற்கே மொயாலே வரை ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் நீளும் எல்லை நெடுக, யார் பெரும்பான்மை என்று காட்டும் போட்டி தொடங்கியது. 48-ஆம் பிரிவு விதித்த இரண்டு ஆண்டு வரம்பை எவரும் பொருட்படுத்தவில்லை. 2004 அக்டோபரில்தான் 420-க்கும் மேற்பட்ட கெபெலேக்களில் வாக்கெடுப்பு நடந்தது. அவற்றில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு ஒரோமியாவுக்குச் சென்றன.

வாக்கெடுப்பு கேட்பதற்கு நியாயமான வழியாகத் தோன்றும். ஆனால் கலந்து வாழும் ஊரில் அது 51 பேருக்கு நிலத்தைக் கொடுத்து 49 பேரை விருந்தாளிகளாக்கும் கருவி. தம் ஆட்களைக் கொண்டுவந்து குடியேற்றுவதும், எதிர்த் தரப்பினரை அச்சுறுத்தி வெளியேற்றுவதும் வாக்கெடுப்பில் வெல்லும் வழிகளாயின. தோற்ற தரப்பினர் பல ஊர்களிலிருந்து பெருந்திரளாக வெளியேறினார்கள். முடிவை ஏற்க முடியாது என்றது சோமாலித் தரப்பு. முடிவின்படி நிலத்தில் எல்லைக்கற்கள் நடப்படவும் இல்லை. வாக்கெடுப்பை நடத்தி, மக்களைப் பிளந்து, அதன் பின் முடிவையும் செயல்படுத்தாமல் விட்டதைத்தான் இந்த வரலாற்றில் மிகப் பொறுப்பற்ற செயலாக நான் கருதுகிறேன். வென்றவருக்கு நிலம் கிடைக்கவில்லை. தோற்றவருக்குத் தீர்ப்பு இன்னும் மாறலாம் என்ற நம்பிக்கை போகவில்லை.

இரண்டு நகரங்களில் இந்த முடிவின்மை கண்முன்னே தெரிகிறது. ஜிபூட்டி துறைமுகத்திலிருந்து வந்த இரயில் பாதையால் 1902-இல் பிறந்த நகரம் டிரே தாவா. இரு மாநிலங்களும் அதைக் கோரியதால் அது கூட்டாட்சி அரசின் நேரடிப் பொறுப்பில் வைக்கப்பட்டது. நகர ஆட்சியில் ஒரோமோ கட்சிக்கு 40 விழுக்காடு, சோமாலிக் கட்சிக்கு 40 விழுக்காடு, மற்றவர்களுக்கு 20 விழுக்காடு என்று பங்கு வகுத்தார்கள். சண்டை தணிந்தது, ஆனால் நகராட்சியில் கடைநிலை வேலை கூட இனக் கணக்காயிற்று. கென்ய எல்லையில் உள்ள மொயாலேயின் நிலை இன்னும் மோசம். ஒரே ஊரில் ஒரோமியாவுக்கு ஒரு நிர்வாகம், சோமாலி மாநிலத்துக்கு ஒரு நிர்வாகம். தனித்தனிக் காவலர், தனித்தனி அலுவலகம். 2012 ஜூலையில் போரானா, கர்ரி குலத்தவருக்கிடையே அங்கு மூண்ட சண்டையில் 20,000-க்கும் மேற்பட்டோர் கென்யாவுக்குள் ஓடினார்கள். முன்பு ஒரே கூட்டணியில் இருந்து, ஒரே மொழியைப் பேசி, ஒரே கிணற்றில் நீர் எடுத்த இரு குலங்கள் இவை.

அடுத்து ஆயுதம். 2007 ஏப்ரலில் ஓகாடேன் தேசிய விடுதலை முன்னணி அபோலே எண்ணெய் வயலைத் தாக்கிச் சீனத் தொழிலாளர் ஒன்பது பேர் உட்பட 70-க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. அதை ஒடுக்க, சோமாலியரைக் கொண்டே சோமாலிக் கிளர்ச்சியை அடக்குவது என்ற திட்டத்தில் 'லியு போலீஸ்' என்ற மாநிலச் சிறப்புக் காவல்படை அமைக்கப்பட்டது. அதைக் கட்டியெழுப்பிய அப்தி முகமூது உமர் அப்போது மாநிலப் பாதுகாப்புத் துறையின் பொறுப்பாளர். 2010-இல் மாநிலத் தலைவரானார். அப்படை முதலில் கொன்றதும் சித்திரவதை செய்ததும் தன் சொந்தச் சோமாலி மக்களையே. சோமாலி மாநிலத் தலைநகர் ஜிஜிகாவில் 'ஜெயில் ஓகாடேன்' என்று அறியப்பட்ட சிறையின் கொடுமைகள் பின்னர் வெளிவந்தன. சோமாலியர் அனைவரையும் இப்படையோடு சேர்த்துப் பழிப்பவர்கள் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

கூட்டாட்சி அரசு இதைப் பொறுத்துக்கொண்டதற்குக் கட்சி அமைப்பே காரணம். ஆளும் முன்னணியில் திக்ராய், அம்ஹாரா, ஒரோமோ, தென்னக மக்கள் ஆகியோரின் நான்கு கட்சிகள் மட்டுமே உறுப்பினர்கள். சோமாலிக் கட்சிக்கு 'நட்புக் கட்சி' என்ற இடம்தான். நாட்டின் கொள்கையை வகுக்கும் அவையில் அதற்கு வாக்கு இல்லை. அதனால் ஜிஜிகாவின் அரசியல்வாதிக்கு அதிகாரம் வாக்காளரிடமிருந்தோ கட்சியிடமிருந்தோ வரவில்லை. கிழக்கில் நிலைகொண்ட இராணுவத் தளபதிகளுடனும் அவர்களுக்குப் பின்னிருந்த, ஆளும் முன்னணியில் மேலோங்கிய திக்ராய் கட்சித் தலைமையுடனும் கொண்ட நெருக்கத்திலிருந்து வந்தது. ஒரோமோ கட்சியின் நிலையும் பெருமைக்குரியதன்று. 1990-இல் அந்தத் திக்ராய் கட்சியால் உருவாக்கப்பட்ட அக்கட்சி, 2007 கணக்கெடுப்பின்படி நாட்டில் 34.5 விழுக்காடாக இருந்த ஒரோமோக்களின் பெயரால் ஆண்டும், மையத்தின் சொல்லைத் தட்ட முடியாத கட்சியாகவே நெடுங்காலம் இருந்தது.

அந்தக் கட்சி தட்டத் தொடங்கியபோதுதான் எல்லை தீப்பற்றியது. அடிஸ் அபாபா நகர விரிவாக்கத் திட்டத்தை எதிர்த்து 2014-இல் தொடங்கி, 2015 நவம்பருக்குப் பின் ஒரோமியா முழுதும் பரவிய இளைஞர் போராட்டம், 2016 அக்டோபரில் பிஷோஃப்து ஊரில் ஒரோமோக்களின் நன்றி விழாவான இரேச்சாவில் நடந்த உயிரிழப்புகளுக்குப் பிறகு அவசரநிலையில் முடிந்தது. அதே நேரத்தில் ஒரோமியா மாநிலத் தலைவர் லெம்மா மெகெர்சாவின் தலைமையில் ஒரோமோ கட்சி மையத்தை எதிர்க்கத் துணிந்தது. சில மாதங்களுக்குள் லியு போலீஸ் எல்லை ஊர்களைத் தாக்குவதாக ஒரோமியாவிலிருந்து குற்றச்சாட்டுகள் குவிந்தன. 2017 ஏப்ரலில் லெம்மாவும் அப்தியும் 2004 வாக்கெடுப்பு முடிவைச் செயல்படுத்துவதாக ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். ஆனாலும் தாக்குதல் நிற்கவில்லை. ஒரோமோ எழுச்சியைத் திசைதிருப்பி, வலுவிழக்கச் செய்யவே எல்லைப் போர் தூண்டப்பட்டது என்று ஒரோமோக்கள் பலர் நம்புகிறார்கள். யார் யாருக்கு என்ன கட்டளையிட்டார்கள் என்பதைவிட, ஒரு மாநிலத்தின் ஆயுதப்படை இன்னொரு மாநிலத்தின் ஊர்களுக்குள் நுழைந்தபோது கூட்டாட்சி இராணுவம் மாதக்கணக்கில் தடுக்காமல் இருந்தது என்பதே எனக்குப் பெரிய சான்றாகப் படுகிறது.

2017 செப்டம்பரில் கிழக்கு ஹரார்கேயில் உள்ளூர் ஒரோமோ அதிகாரிகள் கொல்லப்பட்டதாகச் செய்தி பரவி ஆர்ப்பாட்டங்கள் எழுந்தன. மென்றால் கிளர்ச்சி தரும் காட் இலை வணிகத்தின் பெருஞ்சந்தையான அவாடே ஊரில் சோமாலியர் பலர் கொல்லப்பட்டார்கள்; இறந்தவர் எண்ணிக்கையைக் கூட இரு மாநில அரசுகளும் வெவ்வேறாகக் கூறின. பழிக்குப் பழியாக ஜிஜிகா உட்பட சோமாலி மாநில ஊர்களில் பல்லாண்டுகளாகக் குடியிருந்த ஒரோமோக்கள் கூட்டம் கூட்டமாக விரட்டப்பட்டார்கள். ஒரோமியாவிலிருந்த சோமாலியரும் அவ்வாறே. இரு மாநிலங்களின் செய்தித் தொடர்பாளர்களும் ஃபேஸ்புக்கில் ஒருவரையொருவர் குற்றம் சாட்டி எழுதினார்கள். அரசுப் பொறுப்பில் உள்ளவர்களே இன வெறுப்பைப் பரப்பியதால், அதுவரை ஒதுங்கியிருந்த சாதாரண மக்களுக்கும் ஒதுங்கியிருக்க இடமில்லாமல் போயிற்று. ஹராருக்கு அருகில் ஹமரேசாவில் ஒரோமோக்களும், ஜிஜிகா செல்லும் வழியில் கோலோஜியில் சோமாலியரும் முகாம்களில் தங்கினார்கள். விரட்டப்பட்ட ஒரோமோக்களில் ஒரு பகுதியினரை ஒரோமியா அரசு அடாமா, செபெட்டா, சுலுல்டா போன்ற அடிஸ் அபாபாவைச் சூழ்ந்த ஊர்களில் குடியமர்த்தியது. கிழக்கு எல்லையின் துயரம் தலைநகர அரசியலிலும் புகுந்தது இவ்வாறுதான்.

பணத்தையும் இங்கே குறிப்பிட வேண்டும், சுருக்கமாகவேனும். ஹரார்கே மேட்டு நிலத்தில் விளையும் காட் இலை சோமாலி மாநிலம் வழியாகச் சோமாலிலாந்துக்கும் ஜிபூட்டிக்கும் செல்கிறது. எதிர்த்திசையில் துணியும் மின்பொருட்களும் சுங்கம் கட்டாமல் வருகின்றன. ஒரு சோதனைச்சாவடி எந்த மாநிலத்தின் கையில் இருக்கிறது என்பது பெரும் வருமானம். மேய்ச்சல் நிலத்தில் அக்கறையே இல்லாத அதிகாரிகளுக்கு எல்லை மேல் இவ்வளவு அக்கறை வந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

இது அரசியல் மூட்டிய தீ என்பதற்கு, அரசியல் மாறியதும் அது எவ்வளவு விரைவில் தணிந்தது என்பதே வலுவான சான்று. 2018 ஏப்ரலில் பிரதமரான அபிய் அகமது முதல் பயணமாக அம்மாதமே ஜிஜிகா சென்றார். ஆகஸ்டில் கூட்டாட்சிப் படை நுழைந்தபோது ஜிஜிகாவில் தேவாலயங்கள் எரிக்கப்பட்டு வன்முறை நடந்தது. அப்தி பதவியிழந்து கைதானார். மனித உரிமைப் பணியில் இருந்த முஸ்தஃபா உமர் மாநிலப் பொறுப்பை ஏற்றார். 2019 இறுதியில் பழைய ஆளும் முன்னணிக்கு மாற்றாக உருவான செழிப்புக் கட்சியில் சோமாலிக் கட்சி முதன்முறையாக முழு உறுப்பு ஆனது. 2023-இல் எல்லா மாநிலச் சிறப்புப் படைகளையும் கலைக்கக் கூட்டாட்சி அரசு முடிவெடுத்தது. கிணறுகள் கூடவில்லை, மழை கூடவில்லை, மக்கள்தொகை குறையவில்லை. ஆனாலும் 2017-இன் அளவிலான போர் மீண்டும் நடக்கவில்லை.

எல்லை மட்டும் அப்படியே இருக்கிறது. மொயாலேயில் இரட்டை நிர்வாகம் முடிவுக்கு வரவில்லை. எந்த ஊரில் எந்த இனத்தவர் எத்தனை பேர் என்று சொல்ல வேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2017-இல் நடக்க வேண்டியது. மோதலையும் இடப்பெயர்வையும் காரணம் காட்டி மீண்டும் மீண்டும் தள்ளிவைக்கப்பட்டது. மாநிலங்களுக்கான நிதிப் பங்கீடு இன்றும் 2007 கணக்கெடுப்பின் எண்களையும் அவற்றிலிருந்து கணித்த மதிப்பீடுகளையும் சார்ந்தே இருக்கிறது. அடுத்த முறை கணக்கெடுப்பாளர் கர்ரி மேய்ப்பர் ஒருவரின் குடிலுக்கு முன் நிற்கும்போது, ஒரோமோ மொழியில் பதில் சொல்லும் அவரை எந்தக் கட்டத்தில் குறிப்பது என்பதற்கு இரு மாநிலங்களும் ஒப்புக்கொண்ட வழி எதுவும் இன்னும் இல்லை.